பழைய கையடக்கக் கணினி மக்கர் செய்கிறதா? அறிகுறி வாரியாகப் பழுது பார்க்கும் முறை

பாம் பைலட், பாம் 3, பாம் 5, ஹேண்ட்ஸ்பிரிங் வைசர், சயான் 3 மற்றும் 5 வரிசைகள், ஹெச்பி 100எல்எக்ஸ், 200எல்எக்ஸ், நியூட்டன் மெசேஜ்பேட் என 1990களில் வந்த கையடக்கக் கணினிகளுக்கான வழிமுறை இது. உங்கள் கருவி காட்டும் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும். கருவியைத் திறக்க வேண்டிய வேலை கடைசியில்தான்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. இவற்றில் பெரும்பாலானவை முகவரி, குறிப்பு, நாட்காட்டி எல்லாவற்றையும் ராம் நினைவகத்தில்தான் வைத்திருக்கும். மின்சாரம் முழுதாக அறுந்தால் தரவும் போய்விடும். கருவி அரைகுறையாகவாவது இயங்கினால் முதலில் கணினிக்கு நகலெடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. நியூட்டன் மட்டும் விதிவிலக்கு: அதன் பிற்கால மாடல்களான 2000, 2100 இரண்டும் தரவை ஃபிளாஷ் நினைவகத்தில் வைப்பதால் பேட்டரியைக் கழற்றினாலும் அழியாது.

தேவையானவை: மல்டிமீட்டர், புதிய ஆல்கலைன் பேட்டரி ஒரு செட், 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரோபைல் ஆல்கஹால், பஞ்சுக்குச்சி, வெள்ளை வினிகர், பென்சில் அழிக்கும் ரப்பர், நேராக்கிய காகிதக் கிளிப், சிறிய ஸ்டார் மற்றும் டார்க்ஸ் திருப்புளிகள், கிட்டார் பிக் போல மெல்லிய பிளாஸ்டிக் துண்டு.

அறிகுறி 1: கருவி உயிரே இல்லாமல் கிடக்கிறது

செத்துவிட்டது என்று ஒதுக்கப்படும் கருவிகளில் பெரும்பகுதி உண்மையில் சாகவில்லை. பேட்டரியும் அதைத் தொடும் தகடும்தான் காரணமாக இருக்கும். அவசரப்பட்டுத் திறக்காதீர்கள்.

கான்ட்ராஸ்ட்டைத் திருப்பிப் பாருங்கள். பாம் பைலட், பாம் 3 போன்றவற்றில் பக்கவாட்டில் சிறு சக்கரம் இருக்கும். பையில் உரசி அது ஓர் ஓரத்துக்குப் போயிருந்தால் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை வெறுமையாகத் தெரியும். பவர் பட்டனை 2 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பின்விளக்கு உள்ள பாமில் பச்சை ஒளி வந்தால் கருவி உயிரோடு இருக்கிறது, நீங்கள் அறிகுறி 2-க்குப் போகலாம்.

ஒளியும் வரவில்லையென்றால் பேட்டரியை அளந்து பாருங்கள். புதிய ஆல்கலைன் செல் ஒவ்வொன்றும் 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். சும்மா வைத்து அளக்கும்போதே ஒரு செல் 1.2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று கலந்து போட்டால் பழையது சீக்கிரம் காலியாகிக் கசியத் தொடங்கும். பாம் பைலட்டும் பாம் 3-உம் இரண்டு ஏஏஏ செல்களில் ஓடும். சயான் 3, 5 வரிசைகளுக்கும் ஹெச்பி எல்எக்ஸ் கருவிகளுக்கும் இரண்டு ஏஏ செல் வேண்டும்.

செல் நன்றாக இருந்தால் தகடுகளைப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ பச்சைக் களிம்போ தெரிந்தால் ஆல்கலைன் கசிவு. அது காரத்தன்மை உள்ளது, அதனால் பஞ்சுக்குச்சியில் ஒரு துளி வினிகர் தொட்டு மெல்ல ஒற்றியெடுங்கள். நுரைத்து அடங்கியதும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த குச்சியால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்து, இரண்டு மணி நேரம் காயவிடுங்கள். வினிகரை ஊற்றவே கூடாது. அது தகட்டின் இடுக்கு வழியாகப் பலகைக்குள் இறங்கினால் கசிவை விடப் பெரிய சேதம் வரும். மீதமிருக்கும் கறையை ரப்பரால் தேய்த்து எடுக்கலாம். உப்புத்தாள் வேண்டாம்: தகட்டின் மேலுள்ள நிக்கல் பூச்சு போய்விட்டால் அடுத்த சில மாதங்களில் துருப்பிடிக்கும்.

கசிவு பெரும்பாலும் செல்லின் எதிர்மின் (மைனஸ்) முனையிலிருந்துதான் தொடங்கும். எனவே ஸ்பிரிங் பக்கத்தைக் கூர்ந்து பாருங்கள். வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் ஸ்பிரிங்கின் அடிப்பகுதி உள்ளே அரித்துப் போயிருக்கலாம். மீட்டரின் ஒரு முனையை ஸ்பிரிங் நுனியிலும் மற்றொன்றை அதன் அடியிலும் வைத்துத் தடையை அளங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். சில ஓம் காட்டினாலே கருவி தொடங்காமல் தடுமாறும்.

தகடும் சரி என்றால் ரீசெட். பாமின் பின்புறத்தில் ஒரு சிறு துளை இருக்கும். பாம் 3-இன் உலோக ஸ்டைலஸின் (திரையில் எழுதும் குச்சி) தலையைத் திருகிக் கழற்றினால் உள்ளே அதற்கான ஊசி இருக்கிறது, இல்லாவிட்டால் காகிதக் கிளிப் போதும். ஒரு முறை குத்தி எடுத்தால் மென் ரீசெட், தரவு போகாது. பவர் பட்டனைப் பிடித்துக்கொண்டே குத்துவது முழு அழிப்பு, அதை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள்.

உள்ளேயே சார்ஜ் ஆகும் மாடல்களின் கதை வேறு. பாம் 5-இல் லித்தியம் அயன் பேட்டரி, சயான் ரெவோவில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல். பல ஆண்டுகள் காலியாகக் கிடந்த ரெவோ சார்ஜரில் வைத்ததும் எதுவுமே காட்டாது. அதைப் பார்த்துக் கைவிட வேண்டாம். பல மணி நேரம், தேவைப்பட்டால் ஓர் இரவு முழுக்க, சார்ஜரில் விட்டுவைத்துப் பிறகு ரீசெட் செய்து பாருங்கள். பாம் 5-ஐயும் கிரேடிலின் (கருவியைச் செருகி வைக்கும் தாங்கி) தொடுமுனைகளைத் துடைத்துவிட்டுச் சில மணி நேரம் வைத்துப் பார்க்கலாம், ஆனால் அருகில் இருங்கள். உடல் சூடேறினாலோ மூடியோ திரையோ மேலெழும்பியிருந்தாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று பொருள். உடனே கழற்றுங்கள், மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள்.

நிபுணரிடம் கொடுக்க வேண்டிய இடம்: நல்ல பேட்டரி, சுத்தமான தகடு, ரீசெட் மூன்றும் முடிந்தும் அசைவில்லை என்றால் ஃபியூஸோ மின்பகுதியோ போயிருக்கும். பாம் 5-இன் இரு பாதிகளும் பசையால் ஒட்டியவை. விளிம்பைச் சீராகச் சூடாக்கித்தான் பிரிக்க முடியும், நெம்பினால் உலோக ஓடு வளையும், உள்ளே பேட்டரி குத்துப்படலாம். இந்த வேலையில் கை பழகாதவர்கள் இறங்க வேண்டாம். நியூட்டனின் ரீசார்ஜ் பேக்கை மறுபடி கட்டும்போதும் உள்ளிருக்கும் வெப்ப உணரியை விட்டுவிட்டு வெறும் செல்லை மட்டும் சால்டர் செய்பவரிடம் கொடுக்காதீர்கள்.

அறிகுறி 2: ஓடுகிறது, ஆனால் திரை சரியில்லை

முழுத் திரையும் மங்கலாகவோ கறுப்பாகவோ இருக்கிறது

கான்ட்ராஸ்ட், அடுத்துப் பேட்டரி. குறைந்த மின்னழுத்தத்தில் முதலில் அடிவாங்குவது கான்ட்ராஸ்ட்தான். குளிரிலும் எழுத்து வெளிறிப்போகும், வெயிலில் வைத்தால் திரை கறுக்கும். அறை வெப்பத்துக்கு வந்ததும் தானாகச் சரியானால் பழுதே இல்லை.

சில வரிசைகளோ நிரல்களோ காணவில்லை

காணாத கோடு சட்டத்தில் போய் முட்டும் இடத்தை விரலால் மிக மெதுவாக அழுத்துங்கள். கோடு திரும்பி வந்தால் கண்ணாடியையும் பலகையையும் இணைக்கும் நெகிழ்கேபிள் பிடிவிட்டிருக்கிறது. அழுத்தம் கொடுக்கும் மெல்லிய நுரைத்துண்டை உள்ளே வைத்தால் சில கருவிகள் பல காலம் ஓடும். அழுத்தினாலும் வரவில்லையென்றால் திரையை மாற்றுவது ஒன்றே வழி. அதே மாடலின் இன்னொரு உடைந்த கருவியிலிருந்து எடுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

மூடித் திறக்கும் கருவியில் கோணத்துக்குக் கோணம் திரை மாறுகிறது

சயான் 5-இன் பெயர்பெற்ற நோய் இது. திரைக்குப் போகும் நெகிழ்கேபிள் கீலில் மடிந்து மடிந்து விரிசல் விடும். கருவியை ஆன் செய்து மிக மெதுவாகத் திறந்துகொண்டே பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் கிடைக்கோடுகள் தோன்றி மறைந்தால் சந்தேகமே வேண்டாம், கேபிள்தான். புதுக் கேபிள் வரும்வரை படம் சரியாக வரும் கோணத்திலேயே நிறுத்தி, தரவை நகலெடுத்துவிடுங்கள். ஒவ்வொரு மடிப்பும் விரிசலை நீட்டிக்கும். கேபிள் மாற்ற மேல்மூடி முழுவதையும் பிரிக்க வேண்டும், பிளாஸ்டிக் கொக்கிகள் வயதானவை, ஒடியும். முன்பின் செய்தவரிடம் கொடுப்பது நல்லது.

திரையில் வானவில் திட்டு, குமிழி, வினிகர் வாடை

மேலே ஒட்டிய, ஒளியை வடிகட்டும் போலரைசர் படலம் சிதைகிறது. துடைத்தால் போகாது. படலத்தை உரித்துப் புதிதாக ஒட்டலாம், ஆனால் தொடுதிரையைப் பிரிக்காமல் அதைச் செய்ய முடியாது.

பின்விளக்கு வெளிறிவிட்டது, அல்லது எரியும்போது மெல்லிய ரீங்காரம் கேட்கிறது

ரீங்காரம் இயல்பானது. இந்தக் கருவிகளின் பின்விளக்கு மின்னொளிர் தாள். அதற்கு உயர் மின்னழுத்தம் ஊட்டும் சுற்று ஒலி எழுப்பும். எரிந்த மணிக்கணக்குக்கு ஏற்பத் தாள் மங்கும், அதற்கு மருந்து தாள் மாற்றுவது மட்டுமே. விளக்கு எரியும்போது பலகையை விரலால் தொடாதீர்கள், சுருக்கென்று அடிக்கும்.

அறிகுறி 3: ஸ்டைலஸ் தொட்ட இடம் ஒன்று, கருவி எடுப்பது வேறு

சீராக ஒரே பக்கம் தள்ளி எடுக்கிறது

அளவீடு நகர்ந்திருக்கிறது. பாமில் பிரிஃபரன்சஸ் உள்ளே டிஜிட்டைசர் பகுதிக்குப் போய், காட்டும் குறிகளின் நடுவில் தொடுங்கள். முதலில் மேல் இடது மூலை, அடுத்துக் கீழ் வலது மூலை, பிறகு சரிபார்க்க நடுவில் ஒன்று. கருவியை மேசையில் வைத்து, எழுதும்போது எப்படிப் பிடிப்பீர்களோ அதே கோணத்தில் ஸ்டைலஸைப் பிடியுங்கள்.

குறி தொடும் திரையே திரும்பத் திரும்ப வருகிறது, அல்லது தொடாமலே தானாகச் சொடுக்குகிறது

பத்தில் பல முறை இதற்குக் காரணம் சட்டத்துக்கும் தொடுபடலத்துக்கும் இடையே சிக்கிய மணல், உணவுத் துகள், காய்ந்த அழுக்கு. படலத்தின் ஓரத்தை அது எப்போதும் அழுத்திக்கொண்டே இருப்பதால் கருவி அங்கே விரல் இருப்பதாக நினைக்கிறது. தடித்த காகிதத்தை நறுக்கி, அதன் விளிம்பைச் சட்டத்தின் அடியில் விட்டு நான்கு பக்கமும் இழுத்து வாருங்கள். கருவியைக் கவிழ்த்துப் பிடித்துச் செய்தால் துகள் வெளியே விழும். கத்தி, ஊசி எதுவும் கூடாது. மூலைகளில் நிறுத்தி இரண்டு மூன்று முறை இழுங்கள், அழுக்கு அங்கேதான் தங்கும். திரைப் பாதுகாப்புத் தாள் ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். சட்டத்துக்குள் நுழைந்த தாளின் ஓரமே இந்த வேலையைச் செய்யும்.

ஒரு திசையில் சரி, மறு திசையில் உளறுகிறது

தொடுபடலத்தின் நான்கு கம்பிகளில் ஒன்று விட்டிருக்கிறது. கருவியைத் திறந்து, படலத்தின் வால் நுழையும் கனெக்டரைக் கழற்றி ஆல்கஹாலால் துடைத்து மீண்டும் சொருகுங்கள். பாதிக்கு மேல் இதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மீட்டர் வைக்கலாம். நான்கில் இரண்டு இரண்டாகச் சேரும் இணைகள் ஒவ்வொன்றும் சில நூறு ஓம் தடை காட்ட வேண்டும். ஓர் இணைக்கும் இன்னோர் இணைக்கும் இடையே, திரையைத் தொடாதபோது, தொடர்பு இருக்கவே கூடாது. ஓர் இணையில் தடையே வரவில்லையென்றால் படலம் போய்விட்டது.

கிராஃபிட்டி (பாமின் கையெழுத்து முறை) எழுதும் கீழ்ப்பகுதி மட்டும் பிசகுகிறது

தினமும் ஒரே இடத்தில் எழுதியெழுதித் தேய்ந்ததன் விளைவு. அளவீடு ஓரளவு உதவும். முழுத் தீர்வு படலம் மாற்றுவதுதான்.

நியூட்டன் 2000, 2100-இல் நேர்கோடு இழுத்தால் அலையலையாக வருகிறது

மெசேஜ்பேட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிந்த கோளாறு. தொடுதிரைக்குப் போகும் இணைப்பு தளர்வதால் வருகிறது. கனெக்டரைச் சுத்தம் செய்து இறுக்கமாகச் சொருகுவது முதல் முயற்சி. அந்த நேரத்தில் உள்ளிருக்கும் மற்றக் கம்பிகளை இழுக்காதீர்கள், பழைய காப்புறை சில கருவிகளில் தொட்டாலே உதிரும்.

படலம் மாற்றும் வேலையை நிபுணரிடம் விடுங்கள். அடியில் இருக்கும் திரைக் கண்ணாடி சட்டென்று கீறும், அதற்கு மாற்று கிடைப்பது கடினம்.

அறிகுறி 4: பேட்டரி மாற்றினேன், எல்லாம் அழிந்துவிட்டது

அழிந்ததை மீட்க வழியில்லை. கணினியில் கடைசியாக எடுத்த நகல் இருந்தால் அதிலிருந்து நிரப்புங்கள். அடுத்த முறை நடக்காமல் தடுக்கக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பாமில் தனிப் பின்துணை பேட்டரி கிடையாது. செல் மாற்றும் இடைவெளியில் ஒரு பெரிய கெப்பாசிட்டர்தான் நினைவகத்தைத் தாங்கும், அதுவும் ஏறக்குறைய ஒரு நிமிடம் மட்டுமே. கருவியை அணைத்துவிட்டு, புதுச் செல்லைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு மாற்றுங்கள். அப்படியும் சில நொடியில் அழிகிறது என்றால் கெப்பாசிட்டர் வயதாகிவிட்டது. அதே அளவு, அதே மின்னழுத்தம் அச்சிட்ட ஒன்றைச் சால்டர் செய்தால் தீரும், துருவம் பார்த்துப் போடுங்கள். பேட்டரி ஏற்கெனவே முழுதாகக் காலியான பிறகு மாற்றினால் கெப்பாசிட்டரிலும் எதுவும் மிச்சமிருக்காது. அதைக் கெப்பாசிட்டரின் குறையாக எண்ணிவிட வேண்டாம்.

சயான், ஹெச்பி கருவிகளில் நாணய வடிவப் பின்துணை செல் இருக்கும். சயான் 3, 3ஏ-க்கு சிஆர் 1620. சயான் 5, ஹெச்பி 100எல்எக்ஸ், 200எல்எக்ஸ் ஆகியவற்றுக்கு சிஆர் 2032. புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 2.8-க்குக் கீழே வந்தால் மாற்றிவிடுங்கள். முக்கிய செல்களையும் நாணயச் செல்லையும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்காதீர்கள். முதலில் முக்கிய செல்களைப் புதிதாக்குங்கள், கருவி ஆன் ஆகிறதா என்று பாருங்கள், பிறகுதான் நாணயச் செல். எஸ்ராம் அட்டை (சொந்தச் செல்லால் தரவைத் தாங்கும் நினைவக அட்டை) பயன்படுத்துபவர்கள் அட்டைக்குள் இருக்கும் செல்லையும் மறக்க வேண்டாம். அட்டையை இயங்கும் கருவிக்குள் வைத்திருக்கும்போதே அந்தச் செல்லை மாற்றினால் தரவு தப்பிக்கும்.

அறிகுறி 5: பேட்டரி இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடுகிறது

பின்விளக்கு தெரியாமல் எரிகிறதா என்று இருட்டில் பாருங்கள். வெளிச்சத்தில் அது கண்ணுக்குப் படாது.

பாமில் தானாக அணையும் வசதி வேலை செய்கிறதா? இதற்குப் பின்னால் ஒரு மறைவான காரணம் இருக்கலாம். கிராஃபிட்டி பகுதியில் ஷார்ட்கட் குறி, இரு தட்டில் ஒரு புள்ளி, பிறகு 3 என்று எழுதினால் தானாக அணைவது நின்றுவிடும். புள்ளிக்குப் பின் 1 அல்லது 2 எழுதினால் கருவி பிழைதேடும் நிலைக்குப் போய், தொடர் போர்ட்டைத் திறந்துவைத்துப் பேட்டரியை வேகமாகக் குடிக்கும். தவறுதலாக எழுதியிருந்தாலும் மென் ரீசெட் இரண்டையும் சரிசெய்யும்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் போட்டிருக்கிறீர்களா? அவை 1.2 வோல்ட் அளவில்தான் ஓடும், எனவே அளவுகோல் முன்கூட்டியே காலி என்று காட்டும். பழைய பாமில் ஷார்ட்கட் குறி, புள்ளி, 7 என்று எழுதினால் பேட்டரி வகை மாறும். வேகத்தைக் கூட்டும் மென்பொருள் ஏற்றியிருந்தால் நீக்குங்கள். யூஎஸ்பி கிரேடிலில் வைசரை நிரந்தரமாக விட்டுவைப்பதும் பேட்டரியைத் தின்னும்.

இவை எதுவும் இல்லாமல் அணைந்த நிலையிலும் பேட்டரி வடிந்தால், பலகையில் பழைய கசிவின் எச்சமோ ஒழுகும் கெப்பாசிட்டரோ இருக்கிறது. இனி நிபுணரின் வேலை.

அறிகுறி 6: லோகோ வரை வந்து மறுபடி மறுபடி ரீசெட் ஆகிறது

பாமில் இதற்குக் காரணம் பெரும்பாலும் மென்பொருள். மேல் ஸ்க்ரோல் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீசெட் துளையைக் குத்துங்கள். கூடுதலாக ஏற்றிய ஹேக் வகை (இயங்குதளத்தின் நடத்தையை மாற்றும்) நிரல்களை ஏற்றாமல் கருவி தொடங்கும். தொடங்கிவிட்டால் கடைசியாகப் போட்ட நிரலை நீக்குங்கள், பிறகு சாதாரண ரீசெட்.

அப்படியும் வரவில்லையென்றால்தான் முழு அழிப்பு. பவர் பட்டனைப் பிடித்தபடி ரீசெட்டைக் குத்தி விடுங்கள், லோகோ வந்ததும் பவரை விடுங்கள். எச்சரிக்கை வரும், மேல் பட்டனை அழுத்தினால் எல்லாம் அழியும், வேறு எதை அழுத்தினாலும் அழியாது. அழித்த பிறகு நகலை மொத்தமாகத் திரும்ப ஏற்றினால் கோளாறு செய்த நிரலும் கூடவே வந்துவிடும். முகவரியும் நாட்காட்டியும் முதலில், நிரல்கள் ஒவ்வொன்றாகப் பிறகு. வெறும் கருவியாகவும் சுழன்றுகொண்டே இருந்தால் நினைவகமோ பலகையோ பழுது. அதற்குச் செலவழிப்பதை விட அதே மாடலில் இன்னொன்று தேடுவது மேல்.

நியூட்டனில் தேதி மட்டும் தாறுமாறாகக் காட்டினால் அது வன்பொருள் பழுதல்ல. 2010 ஜனவரி 5-க்குப் பிந்தைய தேதிகளை அதன் மென்பொருள் தவறாகக் கணக்கிடும், அதற்கான திருத்தத்தை ஏற்ற வேண்டும்.

அறிகுறி 7: பட்டன் அல்லது விசை அழுந்துகிறது, வேலை செய்யவில்லை

பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால் தொட்டு விசையின் விளிம்பைச் சுற்றித் துடைத்து, இருபது முப்பது முறை அழுத்திவிடுங்கள். போதவில்லையென்றால் திறந்து, ரப்பரின் அடியிலுள்ள கரிப்பொட்டையும் பலகையின் தொடுதளத்தையும் துடையுங்கள். கரிப்பொட்டை அழுத்தித் தேய்த்தால் பூச்சே போய்விடும். ஒரு முழு வரிசை விசைகள் சேர்ந்து செத்திருந்தால் அது விசையின் கோளாறல்ல, கீபோர்டு நாடா கேபிள்.

அறிகுறி 8: கணினியோடு ஒத்திசைக்க மறுக்கிறது

கருவியின் அடியிலும் கிரேடிலிலும் உள்ள தொடுமுனைகளை ரப்பரால் தேய்த்து ஆல்கஹாலால் துடையுங்கள். கிரேடிலின் ஊசிகள் எல்லாம் ஒரே உயரத்தில் எழுந்து நிற்கின்றனவா? அமுங்கிய ஒன்றே போதும், தொடர்பு அறும்.

பாமின் ஒத்திசைவு நிரலான ஹாட்சிங்க்கின் திரையில் லோக்கல் தேர்வாகியிருக்க வேண்டும், மோடம் அல்ல. கணினியில் அதே தொடர் போர்ட்டை வேறு நிரல் பிடித்துவைத்திருந்தால் விடுவியுங்கள். யூஎஸ்பி வழி தொடர் போர்ட் மாற்றி வைத்திருந்தால் போர்ட் எண் மாறியிருக்கும், வேகத்தையும் 9600-க்கு இறக்கிப் பாருங்கள். மெதுவாகத் தொடர்பு கிடைத்து வேகமாக அறுந்தால் கேபிளோ மாற்றியோதான் காரணம், கருவியல்ல. வேறொரு சிப் கொண்ட மாற்றியை முயன்று பாருங்கள்.

பாம் 3 முதல் அகச்சிவப்பு வசதி உண்டு. இன்னொரு பாமுக்கு ஒரு முகவரியை அனுப்பிப் பாருங்கள். அது போனால் கருவியின் உட்பகுதி நலமாக இருக்கிறது, கோளாறு தொடர் இணைப்பின் பக்கம். கிரேடிலை மாற்றியும் வரவில்லையென்றால் அடிக் கனெக்டரின் சால்டர் விட்டிருக்கும். நெருக்கமான முனைகள், நுண்முனைச் சால்டரும் உருப்பெருக்கியும் உள்ளவரிடம் கொடுங்கள். அதுவரை முக்கியமான குறிப்புகளை அகச்சிவப்பு வழியாக இன்னொரு பாமுக்கு ஒவ்வொன்றாக அனுப்பி வைக்கலாம்.